அளவு எழுதிய அம்மாள்



நம் பாட்டிமார் சமையலுக்குக் கண்ணளவு, கையளவுதான். 1951-ல் எஸ். மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' நூலில் அதற்குக் கணக்கு எழுதினார். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். உறவினர்கள் அவரிடம் செய்முறை கேட்பது வழக்கம். புத்தகமாகவே போடச் சொன்னவர் மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். அளவெல்லாம் ஆழாக்கு, பலம். 1956 மெட்ரிக் சட்டத்துக்குப் பின் அவை கடைகளிலிருந்து மெல்ல மறைந்தன.

பேங்கில் 37 வருடம் பைசா பிசகாமல் கணக்கு எழுதிய நான், அம்மாவின் வத்தக்குழம்புக்கு அளவு கேட்டு எழுதவில்லை. இப்போது கேட்க அம்மா இல்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதுங்கள். ஆழாக்கு என்றால் அப்படியே எழுதுங்கள். 8 ஆழாக்கு ஒரு படி.