வேகம் அடங்கும், வேலை பழக்கோணும்

எங்கள் மதுக்கரையில் காளைக்குக் காயடிக்கும் வழக்கம் எத்தனையோ தலைமுறை பழையது. எங்கள் தோட்டத்தில் காங்கயம் காளைக் கன்றைச் சாய்த்துக் கால்களைக் கட்டி, விதையைக் கட்டைகளுக்கு நடுவே கொடுத்து நசுக்குவார்கள். சிறுவயதில் கேட்ட அந்தக் கதறல் இன்னும் என் காதில் இருக்கிறது. பிறகு கால்நடை மருத்துவர்கள் கையில் பர்டிசோ இடுக்கி வந்தது. இத்தாலிய மருத்துவர் ஒருவரின் பெயர் கொண்ட அந்தக் கருவி, தோலைக் கிழிக்காமல் உள்ளே விதைக்குப் போகும் நாளத்தை மட்டும் நசுக்கும்.

காயடித்த காளையின் திமிலிலும் தொடையிலும் உள்ள கருமை வெளுத்துவிடும். முட்டு குறையும், பசுவைத் தேடி ஓடாது. ஆனால் கிணற்றில் கவலை இறைக்கும்போது பின்னோக்கி நடந்து மேடேற அதற்குத் தானாகத் தெரிந்துவிடாது. "காயடிச்சா வேகம் அடங்கும். வேலைய நாமதான் பழக்கோணும்" என்பார் அப்பாரு.

பட்டிக் காவலுக்கு நின்ற நாய்களுக்கு எங்கள் தோட்டத்தில் யாரும் இதைச் செய்ததில்லை. நாய்க்கான கருத்தடை பட்டணத்தில் தொடங்கியது. சென்னை மாநகராட்சி தெருநாய்களைக் கொன்றுவந்த காலத்தில், கேப்டன் சுந்தரம் 1959-இல் நிறுவிய விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் 1964 முதல் கருத்தடையை வலியுறுத்தியது. மாநகராட்சி அதை ஏற்க 1996 ஆனது. 2001-இல் மத்திய அரசு விதியே வகுத்தது. அதன் நோக்கம் இனப்பெருக்கத்தையும் வெறிநோயையும் கட்டுப்படுத்துவது.

வீட்டு நாயின் குணம் மாறுமா என்பது வேறு கேள்வி. டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 42 கடுவன் நாய்களை ஆராய்ந்து 1976-இல் விடை சொன்னார்கள்: பத்தில் ஒன்பது நாய்களுக்கு ஊர்சுற்றல் குறைந்தது. மற்ற கடுவன்களோடு சண்டையும், வீட்டுக்குள் சிறுநீர் விடுவதும் ஏறக்குறைய பாதியிலோ அதற்கு மேற்பட்டவற்றிலோ குறைந்தன. பயத்தால் கடிப்பது குறையவில்லை.

எங்கள் நாய் கருப்பனுக்கு ஊர்சுற்றல், பயம் என்ற இரண்டு குறையும் இருந்தன. ஐப்பசி பிறந்தால் லாரிகளுக்கு நடுவே பாலக்காட்டு ரோட்டைத் தாண்டி ஓடுவான். குட்டியில் அடிபட்டதால், கம்பு பிடித்தவரைக் கண்டால் பாய்வான். முதல் குறைக்காக, மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்வித்தேன், ஓட்டம் நின்றது. இரண்டாவதற்கு ஆறு மாதம் பொறுமையாகப் பழக்க வேண்டியிருந்தது.

கடுவன் வளர்ப்பவர்களே, எந்தக் குணத்துக்காக அறுவை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர்சுற்றலுக்கு என்றால் தயங்க வேண்டாம். பயத்துக்கு என்றால், அதற்கு மருந்து உங்கள் பொறுமைதான்.