15-க்கு இருவர் குறைவு

2020 நவம்பர் 26. மக்களவை நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்த பலருக்கும் ஒரே கேள்விதான்: "ஏன் யாரும் எந்திரிக்கல?"

அன்றைக்கு எழுந்து நிற்பதில் ஓர் அரசாங்கத்தின் ஆயுளே இருந்தது. முகிதீன் யாசினின் பெரும்பான்மை நூலிழையில் தொங்கியது. பெரும்பான்மை தன் பக்கம் என்று செப்டம்பரிலேயே அறிவித்திருந்தார் அன்வார் இப்ராஹிம். அக்டோபரில் பிரதமர் கேட்ட அவசரகாலத்துக்கு மாமன்னர் இணங்கவில்லை; பட்ஜெட்டை ஆதரிக்கும்படி மட்டும் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டார். அதனால் நவம்பர் 6 அன்று நிதியமைச்சர் தெங்கு ஸப்ருல் தாக்கல் செய்த 322.5 பில்லியன் ரிங்கிட் பட்ஜெட், பெயர் சொல்லாத நம்பிக்கை வாக்கெடுப்பாகிவிட்டது.

மக்களவையில் முதலில் நடப்பது குரல் வாக்கெடுப்பு. எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அந்தப் பக்கம் வெற்றி. யார் எப்படி வாக்களித்தார் என்று பெயர் பெயராகப் பதிவாக வேண்டுமானால், குறைந்தது 15 உறுப்பினர்கள் எழுந்து நிற்க வேண்டும். அன்று எழுந்தவர்கள் 13 பேர். பட்ஜெட் கொள்கை அளவில் நிறைவேறியது.

எதிர்க்கட்சியிடம் ஆள் இல்லாமல் இல்லை. நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். எழ வேண்டாம் என்று கடைசி நேரத்தில் அன்வாரிடமிருந்து தகவல் வந்ததாகக் கூட்டணிக்காரர்களே பின்னர் சொன்னார்கள். அவர் கணக்கு வேறு. கடன் ஒத்திவைப்பு, ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுப்பது போன்ற கோரிக்கைகளில் நிதியமைச்சர் கொஞ்சம் இறங்கி வந்திருந்தார். மிச்சத்தைச் செயற்குழு நிலையில், ஒவ்வோர் அமைச்சின் ஒதுக்கீடாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் வாதம்.

பேரம் பேசுவதும் கவிழ்ப்பதும் இரண்டு வேலைகள். கூட்டணி இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்த்தது. எந்த நாளில் எந்த வேலை என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லப்படவில்லை. அதனால் சிலர் கவிழ்க்க எழுந்தார்கள், மற்றவர்கள் பேரத்துக்காக உட்கார்ந்திருந்தார்கள். வெளியே இருந்த வாக்காளருக்கோ உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் 'சரி' என்று சொன்ன மாதிரிதான் தெரிந்தது.

டிசம்பர் 15 அன்று இறுதி வாக்கெடுப்பு. இம்முறை எண்ணினார்கள்: ஆதரவு 111, எதிர்ப்பு 108, வராதவர் ஒருவர். மூன்றே வாக்கு வித்தியாசம். முந்தைய மாதமே எண்ணியிருந்தால் முடிவு மாறியிருக்குமா? யாராலும் சொல்ல முடியாது. எண்ணாததை வரலாறு எப்படிக் கூட்டும்?

2021 ஜனவரி 12 அன்று நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. நாடாளுமன்றக் கூட்டங்களும் நின்றுபோயின. அதன்பின் பல மாதங்களுக்கு, எழுந்து நிற்க ஆசைப்பட்டவர்களுக்கும் சபை இல்லை.

அரசியல்வாதிகளின் பேச்சைத்தான் நாம் வழக்கமாக ஆராய்கிறோம். அவர்கள் எப்போது நாற்காலியை விட்டு எழவில்லை என்பதையும் குறித்து வைக்க வேண்டும். சபைக் குறிப்பில் அதற்குப் பெயர்ப்பட்டியல் இருக்காது. நாம்தான் ஞாபகம் வைத்திருக்கணும்.