ஒரு வாய்ச் சோறும் நூறு வருஷமும்

அக்கா பையனுக்கு அப்ப மூணு வயசு. மிக்ஸியில அடிச்ச தயிர்சாதம் மட்டும்தான் இறங்கும். ஒரு பருக்கை முழுசா நாக்குல தட்டுப்பட்டாலும் குமட்டி வாந்தி எடுத்துடுவான். வீட்டுல ரெண்டு கட்சி. "வாயைப் பிடிச்சு ஊட்டு"ன்னு ஒண்ணு. "ரெண்டு வேளை பட்டினி போடு, பசிச்சா தானா சாப்பிடுவான்"னு இன்னொண்ணு. ரெண்டு கட்சியும் ஒத்துப்போன ஒரே விஷயம், "எல்லாம் அவ செல்லம் குடுத்துக் கெடுத்தது". அக்கா ராத்திரியில தனியா உக்காந்து அழுவா.

கடைசியில ஒரு குழந்தை மருத்துவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கிட்ட அனுப்பினார். ஆக்குபேஷன்னா வேலைதானே, மூணு வயசுப் பையனுக்கு என்ன வேலைன்னு கேட்டேன். அந்தம்மா சிரிச்சுட்டு, "சாப்பிடறது, விளையாடறது. அதான் அவன் வேலை"ன்னாங்க. ஆபீஸ்ல ஆணி கம்மியா இருந்த ஒரு வாரம் இதோட சரித்திரத்தைத் தேடிப் படிச்சேன்.

முதல்ல பட்டினிக் கட்சி. இவங்களுக்குத் தோதான ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு. 1926ல அமெரிக்காவுல கிளாரா டேவிஸ்னு ஒரு மருத்துவர் ஆரம்பிச்சது. அப்பத்தான் பால்குடி மறந்த 15 குழந்தைங்க. முன்னாடி 34 வகை உணவு. நர்ஸ் ஸ்பூனோட பக்கத்துல இருப்பாங்க, ஆனா குழந்தை கை நீட்டாம எதையும் குடுக்கக் கூடாது, ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. குழந்தைங்க அதுங்களா பொறுக்கிச் சாப்பிட்டு நல்லாவே வளர்ந்துச்சுங்க. ரிக்கெட்ஸ் இருந்த ஒரு குழந்தை மீன் எண்ணெயைக்கூடத் தானா குடிச்சு, எலும்பு சரியானதும் விட்டுடுச்சாம்!

ஆனா ரெண்டு விஷயம் கவனிக்கணும். தட்டுல சர்க்கரை போட்ட பண்டமே கிடையாது. அதைவிட முக்கியம், மெல்லவும் முழுங்கவும் தெரிஞ்ச குழந்தைங்களுக்குத்தான் அந்த சுதந்திரம் உதவுச்சு. சாப்பிடறதே கஷ்டமா இருக்கிற குழந்தைக்கு?

பதில் வேற பக்கத்துலேர்ந்து வந்துச்சு. 1917 மார்ச்ல நியூயார்க் மாநிலத்து கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ்ங்கிற ஊர்ல சில பேர் கூடி ஆக்குபேஷனல் தெரபிக்கு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. கூட்டின ஜார்ஜ் பார்ட்டன் ஒரு கட்டடக் கலைஞர், அவரே நோயாளியா இருந்து மீண்டவர். முதல் உலகப் போர்ல அடிபட்ட சிப்பாய்களுக்கு நெசவு, மரவேலைன்னு குடுத்துக் கையையும் மனசையும் தேத்தறதுதான் ஆரம்ப காலத்துல பெரிய வேலை.

அங்கேர்ந்து குழந்தை வாய்க்கு வர நாளாச்சு. ஜெர்மனியிலேர்ந்து தப்பிச்சு லண்டன் வந்த பெர்தா, கார்ல் போபத் தம்பதி, 1940கள்லேர்ந்து மூளை முடக்குவாதக் குழந்தைங்களோட வேலை செஞ்சாங்க. குழந்தையை எப்படிப் பிடிக்கறோம், எப்படி உக்கார வைக்கறோம்ங்கிறதைப் பொறுத்து தசை இறுக்கம் மாறுதுன்னு கவனிச்சாங்க. இன்னைக்கும் தெரபிஸ்ட் முதல்ல பாக்கறது நாற்காலியைத்தான். கால் தொங்கி உடம்பு ஆடினா, தாடை நிதானமா மெல்லாது.

அடுத்து ஜீன் ஐயர்ஸ் (நம்மூர் ஐயர் இல்லீங்கோ, கலிஃபோர்னியாக்காரம்மா :-) ). சில குழந்தைங்களுக்கு சாதாரணத் தொடுகையே தாங்க முடியாத தொந்தரவா இருக்குன்னு 1960கள்ல எழுதினாங்க. 1972ல புத்தகமே போட்டாங்க. அவங்க கோட்பாடு மொத்தத்தையும் எல்லாரும் ஒத்துக்கலை, விவாதம் இன்னும் நடக்குது. ஆனா "அடம்"னு முத்திரை குத்தறதுக்கு முன்னாடி "ஏன்?"னு கேக்க வெச்சாங்க. எங்க பாஷையில சொன்னா, 'யூசர் தப்பு'ன்னு பக்கை மூடாம லாக் எடுத்துப் பாத்தாங்க.

1987ல சூசன் எவன்ஸ் மாரிஸ்ங்கிற பேச்சுப் பயிற்சியாளரும் மார்ஷா டன் க்ளைன்ங்கிற ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் சேர்ந்து, ஊட்டறதுக்கு முன்னாடி வேண்டிய திறமைகளைப் பத்தியே ஒரு புத்தகம் எழுதினாங்க. 2019ல ஒரு நிபுணர் குழு குழந்தைகளோட உணவுக் கோளாறுக்கு வரையறை குடுத்தப்ப உடம்பு, ஊட்டச்சத்து, உண்ணும் திறமை, மனசும் சூழலும்னு நாலையும் சேர்த்துச்சு. 'அம்மா செல்லம்' மட்டும்தான் காரணம்னு அதுல இல்லை.

நம்ம நாட்டுக்கு இது வந்ததும் ஒரு பெண்ணாலதான். எலிசபெத் லண்டியா அமெரிக்காவுல பொறந்து, இந்தியரைக் கட்டிக்கிட்டுக் கமலா நிம்ப்கர் ஆனவங்க. 1950ல பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில முதல் ஆக்குபேஷனல் தெரபி பள்ளியைத் தொடங்கினாங்க.

நம்ம பையன்? முதல் மாசம் சோறே கிடையாது. மாவு பிசைஞ்சான், ரவையில கார் ஓட்டினான், அப்புறம் கையில ஒட்டினதை மோந்தான். நாலாம் மாசம் ஒரு அப்பளத்தை ஒடிச்சு, நக்கி, கீழ வெச்சுட்டு, திரும்ப எடுத்துக் கடிச்சான். கரக்னு சத்தம். அக்கா அன்னைக்கும் அழுதா.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. குழந்தைக்கு எடை ஏறலை, முழுங்கும்போது புரை ஏறுதுன்னா முதல்ல குழந்தை மருத்துவரைப் பாருங்க. மாமியார் சொல்றதை அப்புறம் கேட்டுக்கலாம்.