எச்சில் சோறு எந்தப் பக்கம் போகிறது?

சென்னையின் எச்சில் சோறு இரண்டு பக்கம்தான் போனது: வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி. குவியலுக்குள் காற்றில்லாமல் அழுகும் சோறு மீத்தேன் ஆகும். தீப்பிடித்தால் புகையில் மூச்சுத்திணறுவது அதைத் தின்று மிச்சம் வைத்தவர்கள் அல்ல, தோழர்களே.

உரமாக்கத் தெரியாமலா கொட்டினோம்? 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்த ஆல்பர்ட் ஹோவர்ட், கழிவையும் சாணத்தையும் அடுக்கி, ஈரம் காத்து, கிளறி எருவாக்கும் முறையை வகுத்தார். வரலாறு அதை 'இந்தூர் முறை' என்கிறது. குவியலைக் கிளறிய கைகள் யாருடையவை என்று நாம் படித்த பாடநூல் சொல்லவில்லை.

2016 திடக்கழிவு விதிகள், 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்களும் ஓட்டல்களும் மக்கும் குப்பையை 'முடிந்தவரை' தம் வளாகத்துக்குள்ளேயே உரமாக்கச் சொன்னன. அந்த 'முடிந்தவரை'க்குள் எத்தனை லாரி வேண்டுமானாலும் நுழையலாம்!

வளாகத்துக்குள் உரம் தயாரிப்பதை நாம் ஆதரிக்கிறோம்; கொடுங்கையூருக்குப் போகும் சுமை குறையும். ஆனால் இயந்திரத்தின் விலையை விசாரிக்கும் குடியிருப்போர் சங்கங்களிடம் நமக்கு வேறு கேள்வி இருக்கிறது. பிரிக்காமல் கொட்டிய சோற்றுக்குள்ளிருந்து நாப்கினையும் கண்ணாடித் துண்டையும் வெறுங்கையால் எடுக்கப்போவது யார்? அவருக்கு என்ன கூலி?