சாம்பிள் ரூமில் உருவாகும் வடிவம்: ஆம்பூர் வட்டாரக் காலணி வடிவமைப்பில் வரைவும் மாதிரியும்

காலணித் தொழிலில் வடிவமைப்பு என்பது காகிதத்தில் முடிந்துவிடும் வேலை என்றும், அதன் பிறகு தொழிற்சாலையில் நடப்பதெல்லாம் வரைந்ததை நிறைவேற்றும் வேலை என்றும் ஒரு பிரிவினை நெடுங்காலமாக நிலைத்திருக்கிறது. ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ஜவ்வாது மலையடிவாரத்து ஆலங்காயம் என விரியும் தோல் வட்டாரம் உற்பத்தி மையம் என்று மட்டுமே பெயர் பெற்றிருப்பதற்கு இந்தப் பிரிவினையே காரணம். வெளிநாட்டுப் பையர் ஒரு வரைவையோ புகைப்படத்தையோ, சில வேளைகளில் முழுக் காலணியையோ அனுப்புகிறார். இங்குள்ள சாம்பிள் ரூம் அதைச் செய்து காட்டுகிறது. ஒப்புதல் வந்ததும் ஆர்டர் ஓடத் தொடங்குகிறது. வடிவம் அங்கிருந்து வருகிறது, கைவேலை மட்டும் இங்கே நடக்கிறது என்று இதற்கு விளக்கம் சொல்லப்படுகிறது. அந்த விளக்கம் உண்மைக்குப் பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். காலணியின் வடிவத்தில் கணிசமான பகுதி, லாஸ்ட் எனப்படும் கால்வடிவ அச்சின் மேல் கோடு போடும்போதும், காலணியின் மேற்பகுதியான அப்பரின் மாதிரியை அதன்மேல் இழுத்துப் பார்க்கும்போதும்தான் தீர்மானமாகிறது. ஆகவே சாம்பிள் ரூமில் நடப்பதும் வடிவமைப்பே.

பிரிவினை எப்படி வந்தது என்பதற்கு வட்டாரத்தின் வரலாற்றிலேயே விடை உண்டு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே சென்னைத் துறைமுகம் வழியாக ஏற்றுமதியாயின. சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி 1973இல் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. அதன் பின் முழுமையாகப் பதனிட்ட தோல், அடுத்து ஷூ அப்பர், அதற்கும் அடுத்து முழுக் காலணி என்று தொழில் படிப்படியாக ஏறியது. இந்த ஏணியில் அப்பர் காலத்துக்கு ஒரு தனிக் குறிப்பு தேவை. அப்பர் இங்கே தைக்கப்பட்டு ஐரோப்பாவுக்குப் போய், அங்கே லாஸ்டின் மேல் ஏற்றப்பட்டு, சோல் ஒட்டப்பட்டுக் காலணியானது. தைத்தவர் கண்டது தட்டையான தோல் துண்டுகளை மட்டுமே. அவை உருவெடுப்பதை வேறொரு நாடு பார்த்தது. முழுக் காலணி இங்கேயே தயாராகத் தொடங்கிய பிறகு இந்த நிலை மாறிவிட்டது. ஆனால் அப்பர் காலத்தில் வேரூன்றிய எண்ணம் மாறவில்லை.

லாஸ்ட் என்பது காலின் நகல் போலத் தோன்றினாலும் நகலாக இருப்பதில்லை. விரல்களுக்கு முன்னால் விடும் இடம், குதிகாலின் உயரம், நுனி தரையிலிருந்து எழும்பும் அளவு, பாதத்தின் அகன்ற பகுதியில் சுற்றளவு எனப் பல முடிவுகள் அதற்குள் அடங்கியுள்ளன. முன்பு மரத்தாலும் இப்போது பெரும்பாலும் கெட்டி பிளாஸ்டிக்காலும் ஆன இந்த உருவின்மேல் பேட்டர்ன் மாஸ்டர் மாஸ்கிங் டேப்பை ஒன்றன்மேல் ஒன்று பாதி படியும்படி ஒட்டுகிறார். முன் நடுக்கோட்டையும் பின் நடுக்கோட்டையும் முதலில் குறிக்கிறார். பிறகு முன்பகுதியான வாம்ப் எங்கே முடிய வேண்டும், பின்பக்கப் பகுதியான குவார்ட்டர் எங்கே தொடங்க வேண்டும், வாய்விளிம்பு எப்படி வளைய வேண்டும் என்று பென்சிலால் வரைகிறார். பையர் அனுப்பிய வரைவில் வாய்விளிம்பு பக்கவாட்டுத் தோற்றத்தில் ஒரே ஒரு கோடு. லாஸ்டின்மேல் அது உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டாகிறது. வெளிக்கணுக்கால் எலும்பு உட்கணுக்கால் எலும்பைவிடத் தாழ்வாக இருப்பதால் வெளிப்பக்க விளிம்பைச் சில மில்லிமீட்டர் இறக்காவிட்டால் நடக்கும்போது எலும்பில் உராயும். இறக்கினால், வரைவில் நேராக ஓடிய கோட்டின் ஓட்டம் கெடும். அதைச் சரிக்கட்ட லேஸ் பகுதியின் சரிவை மாற்ற வேண்டும். சரிவு மாறினால் வாம்பின் நீளம் குறைந்ததுபோலத் தோன்றும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியும் காகிதத்தில் இல்லை.

வரைந்து முடித்ததும் டேப்பை வெட்டி உரித்து அட்டையில் படிய ஒட்ட வேண்டும். இங்கே கணிதமே குறுக்கே நிற்கிறது. இரு திசைகளிலும் வளைந்த பரப்பைச் சிதைவின்றித் தட்டையாக்க முடியாது என்று காஸ் 1827இல் நிறுவினார். உலக வரைபடங்கள் எல்லாமே ஏதோ ஓரிடத்தில் பொய் சொல்வதற்கும் இதுவே காரணம். லாஸ்டின் அடிவிளிம்பில் சிறு வெட்டுகள் கொடுத்து, உட்பக்க உருவையும் வெளிப்பக்க உருவையும் பொருத்திச் சராசரி கண்டுதான் அட்டை படிகிறது. சிதைவை எந்த இடத்தில் ஒதுக்குவது என்பதை ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். நுனியில் ஒதுக்கினால் சுருக்கம் கண்ணுக்குத் தெரியும், அடிவிளிம்பில் ஒதுக்கினால் சோலுக்குள் மறையும். டேப்பில் விழுந்த கோடு, ஒரே நேரத்தில் வரைவாகவும் மாதிரியாகவும் இருக்கிறது. வரைவு, மாதிரி என்று இரண்டு கட்டங்களை அடுத்தடுத்து வைக்கும் பாடப்புத்தக வரிசைக்குள் இந்த வேலை அடங்குவதே இல்லை.

வடிவமைப்பு ஆய்வாளர்கள் வேறு துறைகளில் கண்டவை இதனோடு நெருங்கி வருகின்றன. டொனால்ட் ஷோன் 1983இல் வெளியிட்ட நூலில், வரைபவர் தன் கையிலுள்ள நிலைமையோடு உரையாடுகிறார் என்றார். ஒரு கோடு போட்டதும் நிலைமை ஒரு பதில் தருகிறது, அந்தப் பதிலைக் கேட்டு அடுத்த கோடு விழுகிறது. மசாக்கி சுவா, பார்பரா ட்வெர்ஸ்கி இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவமுள்ள கட்டடக் கலைஞர்கள் தம் வரைவிலிருந்தே, வரையும்போது எண்ணிப் பார்த்திராத பயன்பாட்டு உறவுகளை மாணவர்களைவிட அதிகமாக வாசித்தெடுத்தனர் என்று காட்டினர். வினோத் கோயல் 1995இல் எழுதிய நூலில் கைவரைவின் தெளிவின்மையே அதன் பலம் என்று வாதிட்டார். ஒரு யோசனையிலிருந்து வேறொரு யோசனைக்குத் தாவ அந்தத் தெளிவின்மை இடம் தருகிறது. இவர்கள் யாரும் காலணியைப் பற்றிப் பேசவில்லை. இருந்தாலும் லாஸ்டின் மேலுள்ள பென்சில் கோடு பதில் பேசுவதில் காகிதக் கோட்டைவிடப் பல மடங்கு கறாரானது. எலும்பும் தோலும் எடையும் அதற்குள் இருப்பதால் அது தவறைச் சும்மா விடாது.

அடுத்த கட்டமான புல் ஓவரில் இந்தக் கறார் இன்னும் கூடுகிறது. வெட்டித் தைத்த மாதிரி அப்பரை லாஸ்டின்மேல் போர்த்தி, முதலில் நுனியையும் பிறகு பக்கங்களையும் இடுக்கியால் இழுத்துப் பார்க்கிறார்கள். தோல் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி நீளாது. முதுகெலும்பை ஒட்டிய பகுதி இறுக்கமானது, வயிற்றுப் பகுதி தளர்வானது. நுனியிலிருந்து குதிகால் வரையான திசையில் இழுவை குறைவாக இருக்கும்படி வாம்பை வெட்டுவது பழகிய விதி. ஆயினும் ஒரு குறிப்பிட்ட ஆட்டுத்தோல் ஒரு குறிப்பிட்ட வளைவில் எப்படிப் படியும் என்பதை இழுத்துப் பார்த்தே அறிய முடியும். தையல் கோடு ஒரு பக்கம் நகர்ந்திருந்தால், அடுத்த பேட்டர்னில் அந்தக் கோட்டை எதிர்ப்பக்கம் முன்கூட்டியே நகர்த்துகிறார்கள். வாங்குபவர் கடையில் காணும் நேர்க்கோடு, பேட்டர்னில் வேண்டுமென்றே வளைத்து வெட்டப்பட்ட கோடாக இருக்கலாம்.

எல்லாப் பொருள்களும் இப்படித்தான் உருவாகின்றன என்று சொல்லிவிட முடியாது. ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்கே 1986இல் பயன்பாட்டுக்கு வந்த தொலைநோக்கியின் 2.34 மீட்டர் கண்ணாடி பரவளைய வடிவுடையது. அந்தக் கண்ணாடியைத் தேய்க்கத் தொடங்கும் முன்பே அதன் வடிவம் ஒரு சமன்பாடாக முழுமையாகத் தெரிந்திருந்தது. தேய்ப்பவரின் பெருந்திறமை, பரப்பு சமன்பாட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து அந்த விலகலைக் குறைப்பதில் இருந்தது. ஒரு வேலை நிறைவேற்றும் வேலையா, வடிவமைக்கும் வேலையா என்று கேட்க இது நல்ல அளவுகோல்: செய்யத் தொடங்கும் முன் வடிவம் முழுதாகத் தெரியுமா? காவலூர்க் கண்ணாடிக்குத் தெரியும். அதே வட்டாரத்தில் தயாராகும் ஷூவுக்குத் தெரியாது.

இந்த வாதத்துக்கு எதிராக எழும் முதல் கேள்வி நியாயமானது. சாம்பிள் ரூம் தீர்மானிப்பவை சில மில்லிமீட்டர் விவரங்கள்தானே, காலணியின் குணத்தை நிர்ணயிக்கும் நுனி வடிவமும் குதி உயரமும் லாஸ்டோடு வந்துவிடுகின்றனவே என்பது அது. லாஸ்டைப் பையர் அனுப்பும்போது இது பெருமளவு உண்மை என்பதால் என் கூற்றுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள்ளும், மில்லிமீட்டர் என்பதால் அது விவரம் என்று ஒதுக்குவது காலணியில் செல்லாது. ஆங்கில அளவுமுறையில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசமே 8.47 மில்லிமீட்டர், பிரெஞ்சு முறையில் 6.67 மில்லிமீட்டர். கடிக்கும் காலணியையும் கடிக்காத காலணியையும் பிரிப்பது இந்த அளவிலான வேறுபாடுதான். மேலும் லாஸ்ட் வெளியிலிருந்து வருவது இயற்கை விதி ஒன்றுமில்லை. சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரில் தொடங்கி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களின் கால்களை முப்பரிமாண ஸ்கேனரால் அளந்தது. இந்தியக் கால்கள் பொதுவாக ஐரோப்பிய, அமெரிக்கக் கால்களைவிட அகலமானவை என்று தெரியவந்தது; ‘பா’ என்ற பெயரில் தனி அளவுமுறையும் முன்மொழியப்பட்டது. இந்த அளவுகள் லாஸ்டாக மாறும்போது, நுனி வடிவத்தையும் இங்கேயே தேட வேண்டிய கட்டாயம் வரும். சராசரிக் கால் என்னும் எண் தொகுப்பு தானாக அழகான நுனியாகிவிடாது.

இரண்டாவது மறுப்பு ஆய்வுலகிலிருந்தே வருகிறது. பில்டா, ஜீரோ, பர்செல் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த கட்டடக் கலைஞர் மூவர் கண்களைக் கட்டிக்கொண்டு மனத்திலேயே வடிவமைத்தபோதும், வரைந்து வடிவமைத்தபோதும், விளைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அப்படியானால் வரைவும் மாதிரியும் வெறும் பழக்கமா? அந்த ஆய்வை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அது சோதித்தது, அறைகளையும் இடத்தொடர்புகளையும் ஒழுங்குபடுத்தும் தொடக்கக் கட்டத்தை. அதுவும் பல்லாண்டு வரைந்து தேர்ந்தவர்களிடம். அவர்களுக்குத் தேவையான அறிவு ஏற்கெனவே மனத்தில் இருந்தது. ஒரு தோல் எவ்வளவு நீளும் என்பது யார் மனத்திலும் முன்கூட்டி இருக்க முடியாத அறிவு. அது தோலில் இருக்கிறது, இழுத்தால்தான் கிடைக்கும்.

மூன்றாவது, கணினி. லாஸ்டை ஸ்கேன் செய்து, திரையில் கோடு வரைந்து, பரப்பை மென்பொருளே தட்டையாக்கும் முறை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஒரு சைஸிலிருந்து மற்ற சைஸ்களுக்குப் பேட்டர்னைப் பெருக்குவதிலும், தோல் வீணாகாமல் துண்டுகளை அடுக்குவதிலும் கணினிக்கு ஈடு இல்லை. இதை மறுப்பது வீண் பிடிவாதம். தேடும் கட்டத்தில் மட்டும் கதை வேறு. கைவரைவையும் அக்காலத்து வரைகலை மென்பொருளையும் கோயல் ஒப்பிட்டபோது, மென்பொருளில் வரைந்தவர்கள் ஒரு யோசனையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியது குறைவாக இருந்தது. துல்லியமான கோடு சீக்கிரமே முடிந்துபோன கோடாகத் தோன்றுகிறது. இன்றைய மென்பொருள்கள் அந்தக் காலத்தைவிட வெகுதூரம் வந்துவிட்டன என்பது சரியே. எனினும் தட்டையாக்கும் கணக்கு தோலைச் சீரான பொருளாகக் கொள்ளும்வரை புல் ஓவர் தேவைப்படும்.

எனக்கு மிகவும் கடினமாகப்படும் மறுப்பு நான்காவது. கண்முன் உள்ள உரு சிந்தனையைக் கட்டிப்போடும் என்பது அது. மாதிரி ஒன்றைக் கண்டவர்கள், தம்மை அறியாமலேயே அதன் கூறுகளை, குறைகள் உட்பட, தம் வடிவங்களில் திருப்பிச் செய்கிறார்கள் என்று ஜான்சனும் ஸ்மித்தும் 1991இல் காட்டினார்கள். பையரின் முழுக் காலணி மேசைமேல் இருக்கும்போது சாம்பிள் ரூமில் நடப்பது இதுவாகவே இருக்கக்கூடும். இதற்கு மாதிரி செய்வதைக் குறைப்பது மருந்தாகாது. ஒன்றுக்குப் பதில் பல மாதிரிகள், அதுவும் மலிவான துண்டுத்தோலில், முடிவைப் பற்றிய அவசரம் இல்லாமல் செய்ய இடம் வேண்டும். உலோகச் சிலை வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதிகளிடம் இந்த இடம் முறையாகவே அமைந்திருக்கிறது. தென்னை ஓலையை மடித்துத் தாலமானம் என்னும் அளவுமுறைப்படி அளவுகள் குறித்த பிறகும், மெழுகுருவில் முகத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். மண் பூசிச் சுட்ட பின்புதான் வாய்ப்பு முடிகிறது. சாம்பிள் ரூமின் மெழுகுக் கட்டம் டெலிவரி தேதியால் குறுக்கப்படுகிறது. குறை மாதிரியில் இல்லை, அதற்குக் கொடுக்கப்படும் நேரத்தில் இருக்கிறது.

இந்த வாதம் ஏற்கப்பட்டால் நடைமுறையில் மாற வேண்டியவை சில உண்டு. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம், முடிந்த பொருளில் கண்ணுக்குப் புலப்பட்டுக் கண்ணால் மட்டுமே மதிப்பிடப்படும் கூறுகளையே வடிவமைப்பு என்கிறது. கால் உணரும் வடிவத்துக்கு அதில் இடமில்லை. சட்டம் மாறும்வரை தொழிற்சாலைகள் காத்திருக்க வேண்டியதில்லை. சாம்பிள் அட்டையில் பேட்டர்ன் மாஸ்டரின் பெயரையும் எழுதலாம். கிண்டியிலுள்ள மத்தியக் காலணிப் பயிற்சி நிறுவனமும், 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற காலணி வடிவமைப்பு நிறுவனத்தின் சென்னை வளாகமும், காகித வரைவையும் லாஸ்ட் வேலையையும் தனித்தனித் தாள்களாக வைக்காமல் ஒரே பயிற்சியாக நடத்தினால் வரைபவருக்குத் தோலும், தைப்பவருக்கு வரைவும் கைவரும். 2022இல் தமிழ்நாடு அரசு காலணி, தோல் பொருள்களுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டு, பெரும் தொழிற்சாலைகள் ராணிப்பேட்டைப் பக்கம் வந்துகொண்டிருக்கும் இந்த வேளையில், வேலைவாய்ப்பின் எண்ணிக்கையோடு வேலையின் தன்மையையும் கேட்க வேண்டும். ஆய்வாளர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. இன்று தள்ளுபடியான புல் ஓவர்கள் குப்பைக்குப் போகின்றன. அவற்றோடு, வடிவம் எப்படிக் கண்டடையப்பட்டது என்பதற்கான சான்றும் போய்விடுகிறது. லாஸ்டின் எண், தோலின் வகை, மாற்றிய கோடு, மாற்றியதற்கான காரணம் ஆகிய நான்கையும் ஒரு சீட்டில் எழுதி ஒவ்வொரு புல் ஓவரிலும் ஒட்டிப் பாதுகாக்குமாறு ஆலங்காயம் முதல் ராணிப்பேட்டை வரையுள்ள தொழிற்சாலைகளைக் கேட்டுக்கொள்கிறேன். அவற்றைப் பெற்று வரிசைப்படுத்தும் பணியை இப்பகுதிக் கல்லூரிகளின் ஆய்வுத் துறைகள் ஏற்க வேண்டும்.