வாய்ப் புற்றுநோய் வருமா என்று மரபணு சொல்லுமா?

கல்யாண விருந்தில் பிரியாணிக்குப் பிறகு பீடா, பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் பாக்குப் பொட்டலம், வேலை நேரத்தில் கன்னத்துக்குள் ஒதுக்கும் புகையிலை. இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்க இவை பெரிய காரணம். புகையிலை கலக்காத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆனாலும், "எங்க தாத்தா எண்பது வயசு வரை வெற்றிலை போட்டார், ஒன்றும் ஆகலையே" என்ற பேச்சு பல வீடுகளில் உண்டு. அது பொய்யல்ல. பாக்கு போடும் எல்லோருக்கும் இந்நோய் வருவதில்லை. அப்படியானால் யாருக்கு வரும் என்று மரபணுவைச் சோதித்து முன்பே சொல்ல முடியுமா?

மரபணு என்றதும் பெற்றோரிடமிருந்து வந்ததைத்தான் நினைக்கிறோம். அந்த வகையில் உறுதியாகத் தெரிந்தவை கொஞ்சமே. ஃபான்கோனி அனீமியா என்ற அரிய பரம்பரை நோய் உள்ளவர்களுக்கு இளவயதிலேயே வாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து மிக அதிகம். நச்சுப் பொருட்களை உடலிலிருந்து அகற்ற உதவும் சில மரபணுக்களைப் பற்றி ஏராளமான ஆய்வுகள் வந்தாலும், முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

பயன் தரும் தடயம் வேறு இடத்தில் இருக்கிறது: வாயின் உட்தோலிலேயே, நாம் வாழும் காலத்தில் ஏற்படும் சேதத்தில். ஒவ்வொரு குரோமோசோமும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக இருக்கிறது. 9ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் செல் பெருக்கத்துக்கு பிரேக் போடும் மரபணு ஒன்று உள்ளது. அதன் பெயர் பி16. 3ஆம் குரோமோசோமின் குட்டைக் கையிலும் இதுபோன்ற காவல் மரபணுக்கள் இருக்கின்றன. வெள்ளைத் திட்டிலிருந்து எடுத்த சிறு சதையில் இந்தப் பகுதிகளின் ஒரு பிரதி தொலைந்திருந்தால், அது புற்றாக மாறும் வாய்ப்பு கூடுகிறது. கனடாவின் வான்கூவர் ஆய்வாளர்கள் 2000 முதல் இதைத் தொடர்ந்து காட்டி வந்தார்கள்.

அமெரிக்காவில் நடந்து 2016ல் வெளியான ஓர் ஆய்வு இதை நேராகச் சோதித்தது. அதில் சேர்ந்தவர்கள் வாயில் ஏற்கெனவே திட்டு உள்ளவர்கள். பலர் ஒருமுறை வாய்ப் புற்றுநோய் வந்து குணமானவர்கள். மரபணு இழப்பு இருந்தவர்களில் 3 ஆண்டு புற்றுநோய் இல்லாமல் இருந்தோர் 74 சதவீதம். இழப்பு இல்லாதவர்களில் 87 சதவீதம். வித்தியாசம் உண்மையானது. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள்: "இழப்பு இல்லை" என்று வந்தவர்களிலும் 100க்கு 13 பேருக்கு நோய் வந்தது. ஆபத்து அதிகம் என்று தெரிந்தவர்களுக்கு எர்லோட்டினிப் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், அதுவும் தடுக்கவில்லை.

இத்துறையில் அவசரப்பட்டு நம்பக்கூடாது என்பதற்கு ஒரு கசப்பான காரணமும் உண்டு. செல்லில் உள்ள டிஎன்ஏ அளவை வைத்தே வாய்ப் புற்றுநோயைக் கணிக்கலாம் என்று எழுதிப் புகழ்பெற்ற நார்வே நாட்டு யோன் சுட்போ, நோயாளிகளின் விவரங்களையே இட்டுக்கட்டியது 2006ல் வெளிப்பட்டது. முன்னணி இதழ்கள் அவருடைய கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன.

எச்சிலில் தடயம் தேடும் சோதனைகளும் வருகின்றன. ஆனால் சந்தேகமான திட்டு இருந்தால், சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிக்கு அவை ஈடாகாது. திட்டே இல்லாத ஒருவர், பாக்கைத் தொடரலாமா என்று கேட்டு இச்சோதனைகளில் அனுமதிச் சீட்டு வாங்கவும் முடியாது.

இதற்கு எதிரே, எந்த ஆய்வகமும் தேவைப்படாத ஒரு முறை நம் பக்கத்திலேயே பலன் தந்திருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வெறும் கண்ணால் வாயைப் பரிசோதித்தார்கள். புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்தது என்று 2005ல் முடிவு வெளியானது.

அவர்கள் தேடியதை நீங்களும் கண்ணாடி முன் தேடலாம். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், மூன்று விரலை நிமிர்த்தி நுழைக்க முடியாதபடி இறுகிவரும் வாய். இவற்றில் எது இருந்தாலும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். திட்டு சிவப்பாக இருந்தால், வலி இல்லாவிட்டாலும், தாமதிக்காதீர்கள். வெள்ளையைவிட அதுவே அதிக ஆபத்தானது.