ஒற்றைத் தலைவலி: இயற்கையான தடுப்பு முறைகள்

மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி ஒரு நரம்பியல் கோளாறு ஆகும். பெரும்பாலும் தலையின் ஒரு பக்கத்தில் துடிப்பது போன்ற வலி தோன்றும். குமட்டல், வாந்தி, ஒளியையும் ஒலியையும் தாங்க இயலாமை ஆகியவை உடன் வரலாம். சிகிச்சை பெறாவிடில் வலி 4 முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கக்கூடும். ஆண்களைவிடப் பெண்களையே இது அதிகம் பாதிக்கிறது.

தூண்டும் காரணிகள்

இந்நோய் உள்ளவர்களின் மூளை அன்றாட ஒழுங்கில் ஏற்படும் மாற்றங்களை எளிதில் தாங்குவதில்லை. பட்டினி, தூக்கக் குறைவு, மிகைத் தூக்கம், மன அழுத்தம், மாதவிடாய், கடும் வெயில், நீரிழப்பு, மது ஆகியவை வலியைத் தூண்டலாம்.

தடுக்கும் வழிகள்

• உறக்கம்: விடுமுறை நாட்களிலும் ஒரே நேரத்தில் உறங்கி எழ வேண்டும்.
• உணவு: எந்த வேளை உணவையும் தவிர்க்கலாகாது. விரதம் இருக்க விரும்புவோர் மருத்துவரைக் கலந்தாலோசிக்கவும்.
• நீர்: வெயிலில் பணிபுரிவோர் தாகம் எடுக்கும் வரை காத்திராமல் நீர் அருந்த வேண்டும்.
• காபி, தேநீர்: அளவோடு அருந்தவும். திடீரென நிறுத்துவதும் தலைவலியை உண்டாக்கும், படிப்படியாகக் குறைக்கவும்.
• உடற்பயிற்சி: விரைவு நடை போன்றவற்றை மெதுவாகத் தொடங்கி, வாரத்தில் பல நாட்கள் தொடர்ந்து செய்யவும்.
• மன அமைதி: மூச்சுப்பயிற்சி, தசைத்தளர்வுப் பயிற்சி, யோகா ஆகியவை உதவும்.

தலைவலிக் குறிப்பேடு

வலி வந்த நாள், நேரம், உணவு, உறக்கம், மாதவிடாய், உட்கொண்ட மாத்திரை ஆகியவற்றைக் குறித்து வரவும். ஒரு முறை வலி வந்ததைக் கொண்டு ஓர் உணவை விலக்க வேண்டியதில்லை. கொட்டாவி, கழுத்து இறுக்கம், இனிப்பின் மீது திடீர் நாட்டம் ஆகியவை வலி வரப்போவதன் முன்னறிகுறிகளாகவும் இருக்கலாம்.

வலி மாத்திரைகள்: எச்சரிக்கை

பாராசிட்டமால் போன்ற வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாட்களோ, பல மருந்துகள் கலந்த மாத்திரைகளை 10 நாட்களோ அதற்கு மேலோ, 3 மாதங்களுக்கு மேல் தொடர்ந்து உட்கொண்டால், அம்மாத்திரைகளே தலைவலியை அடிக்கடி வரச் செய்யும். மாதத்தில் 4 நாட்களுக்கு மேல் வலி வந்தால், தடுப்பு மருந்து தேவையா என மருத்துவரிடம் கேட்கவும். மக்னீசியம், ரைபோஃபிளேவின் மாத்திரைகள் சிலருக்குப் பயன் தரலாம். எனினும் இவற்றையும் மருத்துவ ஆலோசனையின்றி உட்கொள்ளலாகாது. சிறுநீரக நோயுள்ளோருக்கு மக்னீசியம் தீங்கு விளைவிக்கலாம்.

உடனடி மருத்துவ உதவி தேவைப்படும் அறிகுறிகள்

• நொடிப்பொழுதில் உச்சத்தை அடையும் கடுமையான தலைவலி
• முகம் கோணுதல், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல்
• காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு
• வலிப்பு அல்லது நினைவு தடுமாற்றம்
• தலையில் அடிபட்ட பின் வரும் தலைவலி

இவற்றில் எது தோன்றினாலும் 108 அவசர ஊர்தியை உடனே அழைக்கவும். 50 வயதுக்கு மேல் அல்லது கருவுற்றிருக்கும்போது புதிதாகத் தலைவலி தொடங்கினால், தாமதமின்றி மருத்துவரை அணுகவும்.